பழைய காரின் இன்ஜின் பழுது: எது வீட்டு வேலை, எது போமன் வேலை?

தானா ராத்தா – தாப்பாவிலிருந்து 59ஆம் எண் கூட்டரசு சாலையில் வளைந்து வளைந்து ஏறினால் ஏறக்குறைய 60 கிலோமீட்டரில் தானா ராத்தா வந்துவிடும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரம். இங்குள்ள தேயிலைத் தோட்டங்களிலும் காய்கறித் தோட்டங்களிலும் பட்டணத்துக் கடைகளிலும் வேலை செய்யும் குடும்பங்களுக்குக் கார் ஒரு சொகுசுப் பொருள் அல்ல. பிள்ளைகளைப் பள்ளியில் விடவும், சாமான் வாங்கவும், உள்ளூர் மருத்துவமனையில் முடியாத சிகிச்சைக்கு ஈப்போ வரை போய்வரவும் அந்த ஒரு காரைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

அதுவும் பெரும்பாலும் இரண்டாம் கை, மூன்றாம் கை மாறி வந்த கார். புரோட்டோன் சாகா, வீரா, பெரோடுவா கஞ்சில், மைவி என்று பத்து இருபது ஆண்டு ஓடியவை. அப்படிப்பட்ட காரின் இன்ஜின் ஒரு நாள் இருமத் தொடங்கினால் வீட்டில் இரண்டு குரல்கள் எழும். "காணொளியைப் பார்த்து நாமே கழற்றிப் பார்த்துவிடலாம்" என்பது ஒன்று. "எதற்கு வம்பு, பட்டறையில் விட்டுவிடுவோம்" என்பது மற்றொன்று. இரண்டிலும் நியாயம் உண்டு. இரண்டிலும் காசை இழந்தவர்களும் உண்டு.

மலையில் வளர்ந்த பழக்கம்

கேமரன் மலையில் சொந்தமாக ஸ்பானர் பிடிப்பது புதிதல்ல. காய்கறி ஏற்றிச் செல்லும் பழைய லேண்ட் ரோவர் வண்டிகளே இதற்குச் சாட்சி. 1948இல் அறிமுகமான அந்த வண்டியின் பிந்தைய ரகங்களில் வந்த 2,286 சிசி பெட்ரோல் இன்ஜின் மிக எளிமையானது. வார்ப்பிரும்பு உடம்பு, கார்புரேட்டர், டைமிங் செயின், இவ்வளவுதான். கணினியும் இல்லை, சென்சரும் இல்லை. ஒரு பெட்டிச் சாவியும் பொறுமையும் இருந்தால் தோட்டத்து ஓரத்திலேயே பாதி வேலையை முடித்துவிடலாம்.

1985இல் வந்த முதல் புரோட்டோன் சாகாவும் கார்புரேட்டர் காலத்துக் கார்தான். ஆனால் பின்னர் வந்த மின்னணு எரிபொருள் தெளிப்பு முறை கணக்கை மாற்றிவிட்டது. 2004இல் அறிமுகமான கேம்புரோ இன்ஜினிலும், 2005இல் வந்த மைவியிலும் இன்ஜினின் மூளை ஒரு கணினிப் பெட்டி. கோளாறு இரும்பில் இருக்கிறதா, மின்கம்பியில் இருக்கிறதா என்று கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அப்பா காலத்து அனுபவம் இங்கே பாதி வழிதான் துணைக்கு வரும்.

முதல் செலவு எதற்கு?

பழைய காரில் காசு கரைவது பெரும்பாலும் கூலியில் அல்ல, ஊகத்தில்தான். சூடேறுகிறது என்றதும் ரேடியேட்டரை மாற்றுவார்கள். சரியாகவில்லை என்றால் வாட்டர் பம்ப். அதுவும் சரிவராவிட்டால் தெர்மோஸ்டாட். கடைசியில் பார்த்தால் பழுது ஹெட் கேஸ்கெட்டில் இருக்கும். வீட்டில் செய்தாலும் பட்டறையில் செய்தாலும் ஊகத்தின் விலை ஒன்றுதான்.

ஆகவே வீட்டு வேலையா, போமன் வேலையா என்று முடிவெடுக்கும் முன் பழுது என்ன என்பது தெளிவாக வேண்டும். அதைக் கண்டுபிடிக்க மட்டும் ஒரு நல்ல போமனுக்குக் கூலி கொடுப்பது வீண் செலவாகாது. கூலியை வீட்டில் மிச்சப்படுத்தலாம். நோயறிதலை மிச்சப்படுத்தக் கூடாது.

மலைப்பகுதியில் ஏமாற்றும் அறிகுறிகள்

சமவெளியில் எழுதப்பட்ட அறிவுரைகளை அப்படியே தானா ராத்தாவுக்குக் கொண்டுவந்தால் தவறிவிடும். இங்குள்ள குளிரும் உயரமும் சில அறிகுறிகளை மாற்றிக் காட்டும்.

வெள்ளைப் புகை: குளிர்ந்த காலையில் புகைக்குழாயிலிருந்து வெண்ணிற ஆவி வருவது இயல்பு. இன்ஜின் சூடானதும் அது மறைந்துவிடும். சூடான பிறகும் தொடர்ந்து வந்தால், கூடவே ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால்தான் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

எண்ணெய் மூடியில் நுரை: இன்ஜின் எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் மஞ்சள் கலந்த வெள்ளை நுரையைக் கண்டதும் "கேஸ்கெட் போச்சு" என்று பலர் பதறுவதுண்டு. குறுகிய தூரமே ஓடும் காரில், இந்த ஈரக் குளிரில், மூடியில் நீர் படிந்து அப்படி ஆகலாம். அளவுகோலை உருவிப் பார்க்க வேண்டும். அதில் எண்ணெய் சுத்தமாக இருந்தால் உடனே பதற வேண்டியதில்லை. நுரையைத் துடைத்துவிட்டு, ரேடியேட்டர் தண்ணீரின் அளவைக் கவனித்து வரலாம். அளவுகோலிலும் எண்ணெய் பால் கலந்த தேநீர்போல் இருந்தால் காரை ஓட்டவே கூடாது.

நீலப் புகை: இது இன்ஜின் எண்ணெய் எரிவதன் அடையாளம். பிரிஞ்சாங்கிலிருந்து கால் எடுத்து இறங்கிவந்து, மீண்டும் மிதிக்கும்போது மட்டும் ஒரு வீச்சாக வந்தால் வால்வு சீல் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். ஏற்றத்தில் மிதிக்கும்போதெல்லாம் தொடர்ந்து வந்தால் பிஸ்டன் வளையங்களைப் பார்க்க வேண்டும். முதலாவதை எண்ணெய் அளவைச் சரிபார்த்துக்கொண்டே சில காலம் தள்ளிப்போடலாம். இரண்டாவது பெரிய வேலை.

கறுப்புப் புகை: பெட்ரோல் அதிகமாகவும் காற்று குறைவாகவும் போகிறது என்று பொருள். இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ 16 விழுக்காடு குறைவு. சமவெளிக்குச் சரிசெய்த கார்புரேட்டர் இங்கே ஏறியதும் பெட்ரோலைக் கூடுதலாகக் கலக்கும், ஸ்பார்க் பிளக் கரி பிடிக்கும். பழைய சாகாவில் இது இன்ஜின் கெட்டதன் அடையாளமாக இல்லாமல் வெறும் சரிசெய்தல் வேலையாகவே இருக்கலாம். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும் இதே அறிகுறிதான்.

சூடேறும் கார்: சிறிய மூடியில் பெரிய கதை

மலைக் கார்களில் அடிக்கடி கேட்கும் புகார் சூடேறுவது. கடல் மட்டத்தில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர், தானா ராத்தாவில் சுமார் 95 பாகையிலேயே கொதித்துவிடும். காரில் அப்படி நடக்காமல் காப்பது ரேடியேட்டர் மூடி. அது உள்ளே அழுத்தத்தைத் தேக்கிவைத்துக் கொதிநிலையை உயர்த்துகிறது. 0.9 பார் அழுத்த மூடி நல்ல நிலையில் இருந்தால் இந்த உயரத்திலும் 110 பாகையைத் தாண்டித்தான் தண்ணீர் கொதிக்கும். மூடியின் ரப்பர் இற்றுப்போனால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். விசிறி சுழலத் தொடங்கும் வெப்பநிலையிலேயே தண்ணீரும் கொதிக்கத் தொடங்கிவிடும்.

சில பத்து வெள்ளிக்குள் முடியும் இந்த மூடியை மாற்றிப் பார்க்காமல் நேராக ரேடியேட்டருக்குப் போவது அவசரம். மூடியில் அச்சிட்டிருக்கும் அழுத்த எண் பழையதைப் போலவே இருக்க வேண்டும். இன்ஜின் முற்றிலும் ஆறிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். சூடாக இருக்கும்போது திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும்.

"சூடேறினால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறி" என்பது நம்மிடையே புழங்கும் இன்னொரு யோசனை. குளிர்ப் பிரதேசத்தில் அது எதிர்மறையாகவே வேலை செய்யும். இன்ஜின் தேவையான சூட்டை அடையவே நேரமாகும். அதுவரை கூடுதல் பெட்ரோல் எரியும், எண்ணெயில் ஈரமும் கசடும் சேரும். கெட்டுப்போன தெர்மோஸ்டாட்டுக்குப் பதில் புதியதைப் போடுவதுதான் சரியான வைத்தியம்.

வீட்டிலேயே செய்யத் தக்கவை

ஒரு வேலையை வீட்டில் செய்யலாமா என்று அறிய மூன்று கேள்விகள் போதும். பழுது உறுதியாகத் தெரியுமா? தவறாகச் செய்தால் இன்ஜினோ உயிரோ போகுமா? வேலை பாதியில் நின்றால் கார் இல்லாமல் ஒரு வாரம் ஓட்ட முடியுமா?

இந்த மூன்றிலும் தேறும் வேலைகள் பல. இன்ஜின் எண்ணெயும் ஃபில்டரும் மாற்றுவது, ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், பேட்டரி முனைகளைச் சுத்தம் செய்வது, ரேடியேட்டர் மூடி, வெளியில் தெரியும் ரப்பர் குழாய்கள், கூலண்ட், சில கார்களில் எளிதாகக் கைக்கு எட்டும் தெர்மோஸ்டாட், வால்வு மூடியின் கேஸ்கெட் ஆகியவை அந்த வரிசையில் வரும். ஸ்பார்க் பிளக்கை இன்ஜின் ஆறிய பிறகே கழற்ற வேண்டும். மாட்டும்போது முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருக வேண்டும். அலுமினிய ஹெட்டில் மரை ஒருமுறை போனால் பத்து வெள்ளி வேலை பல நூறு வெள்ளி வேலையாகிவிடும்.

கம்பிரஷன் அளவி ஒன்றை நண்பர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. இன்ஜினைச் சூடாக்கி, பெட்ரோல் பாய்வதையும் இக்னிஷனையும் துண்டித்து, எல்லா பிளக்குகளையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுழற்றி ஒவ்வொரு சிலிண்டராக அளக்க வேண்டும். ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்தால் அதில் ஒரு கரண்டி இன்ஜின் எண்ணெய் விட்டு மீண்டும் அளக்கலாம். அழுத்தம் ஏறினால் வளையம் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் ஒன்றாகக் குறைந்தால் அவற்றுக்கு இடையே கேஸ்கெட் எரிந்திருக்கலாம்.

இதிலும் மலைக்கணக்கு உண்டு. கையேட்டில் 12 பார் என்று போட்டிருந்தால் இந்த உயரத்தில் ஏறக்குறைய 10 பார்தான் காட்டும். அதைப் பார்த்து இன்ஜின் தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வேறுபாடுதான் முக்கியம்.

போமனிடம் விடவேண்டியவை

ஹெட் கேஸ்கெட் மாற்றுவது காணொளியில் எளிதாகத் தெரியும். ஆனால் அதிகம் சூடேறிய ஹெட் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்திருக்கும். ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு வளைவுகூட இங்கே கணக்கில் வரும். அதைச் சமமாக்க இயந்திரப் பட்டறை வேண்டும். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, படிப்படியாக, டார்க் ஸ்பானர் கொண்டு குறித்த அளவுக்கு முறுக்க வேண்டும். சமமாக்காமல் புதுக் கேஸ்கெட்டை வைத்து மூடினால் சில வாரங்களில் அதே பழுது திரும்பும்.

டைமிங் பெல்ட்டும் அப்படியே. கேம்புரோ, கஞ்சில் ஆகிய இன்ஜின்களில் பெல்ட் உண்டு. 1.3 மைவியில் செயின். பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்தாலோ ஒரு பல் தவறி மாட்டப்பட்டாலோ பிஸ்டன் வால்வில் மோதிவிடும். பழைய கார் வாங்கியவர், பெல்ட் எப்போது மாற்றியது என்பதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கொள்ள வேண்டும்.

பிஸ்டன் வளையம், கிராங்க் பேரிங், எரிபொருள் அழுத்தக் குழாய்கள், ஆட்டோ கியர் ஆகியவையும் போமன் வேலை. பிரேக் இன்ஜினைச் சேர்ந்ததல்ல என்றாலும் இங்கே சொல்லியாக வேண்டும். ரிங்லெட் தாண்டி தாப்பா வரை இறங்கும் சாலையில் பிரேக்கில் பரிசோதனை செய்து பார்க்க இடமில்லை.

நடுவழி ஒன்று உண்டு

இரண்டில் ஒன்றுதான் என்று நினைக்க வேண்டியதில்லை. கைப்பழக்கம் உள்ளவர்கள் ஹெட்டைத் தாங்களே கழற்றி, சமமாக்கவும் வால்வு சீல் மாற்றவும் மட்டும் தாப்பாவிலோ ஈப்போவிலோ உள்ள இயந்திரப் பட்டறைக்குக் கொண்டுபோவது உண்டு. பொருளைத் தாங்களே வாங்கிக் கொடுத்துக் கூலி மட்டும் தருவதும் உண்டு. ஆனால் அப்படி வாங்கிய பொருள் கெட்டால் பட்டறை பொறுப்பேற்காது என்பதை முன்பே பேசிக்கொள்ள வேண்டும்.

செலவைக் கணக்கிடும்போது மூன்றை மறந்துவிடுவார்கள்: வாங்கவேண்டிய கருவியின் விலை, கார் இல்லாத நாட்களின் செலவு, வேலை கெட்டால் மலையிறக்கி இழுத்துச் செல்லும் கூலி. குறைந்தபட்ச ஊதியம் மாதம் 1,700 வெள்ளி. முழு ஓவர்ஹாலுக்கு அதைத் தாண்டியே போகும். காரின் சந்தை விலையில் பாதிக்கு மேல் செலவாகுமென்றால், உடம்பும் சேசிஸும் துருப்பிடிக்காமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே இறங்க வேண்டும்.

பொத்தோங் கடையில் பழைய இன்ஜின் வாங்கி மாற்றுவது சில நேரம் மலிவாக முடியும். ஆனால் வாகனக் கிரானில் இன்ஜின் எண் பதிவாகியிருக்கிறது. சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியும் பரிசோதனையும் இல்லாமல் மாற்றினால் பின்னர் பெயர் மாற்றும்போதும் காப்புறுதி கோரும்போதும் சிக்கல் வரும். இன்ஜின் எங்கிருந்து வந்தது என்பதற்கான ரசீதையும் ஆவணங்களையும் கேட்டு வாங்கிக்கொள்வது கட்டாயம்.

பட்டறையில் கேட்க வேண்டியவை

"என்ன பழுது?" என்பதோடு நிறுத்தாமல் "அது எப்படித் தெரிந்தது?" என்றும் கேட்க வேண்டும். நல்ல போமன் அளவியைக் காட்டுவார், எண்ணெயைக் காட்டுவார். மதிப்பீட்டை எழுத்தில் வாங்குவது, கழற்றிய பழைய பொருளைத் திருப்பிக் கேட்பது, கூடுதல் வேலை வந்தால் தொடங்கும் முன் அழைக்கச் சொல்வது, உத்தரவாதக் காலத்தை ரசீதில் எழுதச் சொல்வது ஆகிய நான்கும் வாடிக்கையாளரின் உரிமை என்றே எண்ண வேண்டும். வெட்கப்பட ஒன்றுமில்லை.

1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, சேவை வழங்குபவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்யக் கடமைப்பட்டவர். வேலை கெட்டுப் பேச்சும் பலிக்காவிட்டால் மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம். கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. மூன்று ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். ரசீது இல்லாதவருக்கு அங்கே வாதாடுவது கடினம்.

வீட்டில் செய்பவர் மறக்கக் கூடாதவை

தோட்டத்து லயங்களின் முற்றம் பல இடங்களில் சரிவானது. அங்கே ஜாக் வைத்துக் காரைத் தூக்குவது ஆபத்து. சமதளமான, கெட்டியான தரை வேண்டும். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஜாக் ஸ்டாண்டில் காரை இருத்திய பிறகே அடியில் நுழைய வேண்டும். வெறும் ஜாக்கை நம்பி ஒருபோதும் நுழையக் கூடாது. குளிர் என்று கதவடைத்த கொட்டகைக்குள் இன்ஜினை ஓடவிடுவதும் கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

கழித்த இன்ஜின் எண்ணெயைக் காலுவாயில் ஊற்றும் பழக்கம் நிற்க வேண்டும். 2005ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி அது எஸ்.டபிள்யூ. 305 என்ற குறியீட்டில் வரும் அட்டவணைக் கழிவு. இங்குள்ள காலுவாய்த் தண்ணீர் போய்ச் சேர்வது ஆற்றில். ஒரு டப்பாவில் பிடித்து, பழைய எண்ணெய் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடலாம்.

எந்த வேலை முடிந்தாலும், யார் செய்திருந்தாலும், முதல் ஓட்டம் தாப்பா இறக்கமாக இருக்கக் கூடாது. தானா ராத்தாவிலிருந்து பிரிஞ்சாங் வரை ஏறி இறங்கி, நிறுத்தி, கசிவு உண்டா என்று அடியில் பார்த்து, இன்ஜின் ஆறிய பிறகு எண்ணெயும் தண்ணீரும் அளந்து, மறுநாள் காலையிலும் ஒருமுறை பார்த்துவிட்டால் போதும். அதன்பின் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மலையிறங்கலாம்.